ஒரு பள்ளத்தாக்கில் விழுந்த கோடு: தேசிய அரசு எப்படி வந்தது?

பிரான்சுக்கு உள்ளே ஸ்பெயினுக்குச் சொந்தமான ஓர் ஊர் இருக்கிறது. லிவியா என்று பெயர். பிரனீஸ் மலையில் செர்தான்யா என்றொரு பள்ளத்தாக்கு. அதில் சுமார் 13 சதுர கிலோமீட்டர் நிலம், ஆயிரத்தைந்நூறு பேர் அளவுக்கு மக்கள். நாலு பக்கமும் பிரான்ஸ். பக்கத்து ஸ்பெயின் ஊரான புய்க்செர்தாவுக்குப் போக வேண்டுமானால் பிரெஞ்சு மண்ணைக் கடந்துதான் போக வேண்டும்.

இந்தக் கூத்துக்குக் காரணம் பத்திரத்தில் இருந்த ஒரே ஒரு சொல். பிரான்சும் ஸ்பெயினும் 24 வருடச் சண்டையை 1659-ல் முடித்துக்கொண்டன. மலைக்கு வடக்கே இருப்பது பிரான்சுக்கு என்று பேச்சு. செர்தான்யாவோ வடக்கா தெற்கா என்று சொல்ல முடியாதபடி மலைக்கு நடுவில் கிடந்தது. பேசிப் பேசி, அதில் 33 கிராமங்கள் பிரான்சுக்கு என்று அடுத்த வருடம் முடிவானது. ஊர்களை எண்ணும்போது ஸ்பெயின் தரப்பு பிடித்துக்கொண்டது: ‘கிராமம்’ என்றுதானே பேச்சு? லிவியா கிராமம் இல்லையே, நகரம். ராஜா கொடுத்த பட்டம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களும் சரி என்று விட்டுவிட்டார்கள். நஞ்சையா புஞ்சையா என்று ஒரு சொல்லுக்காக மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு நடக்கிற நமக்கு இது புரியாத விஷயம் இல்லை.

ராஜாக்களை விடுங்கள். அந்தப் பள்ளத்தாக்கின் குடியானவர்களை யோசித்துப் பாருங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கட்டலான் மொழி, ஒரே மதம், காலங்காலமாகக் கொள்வினை கொடுப்பினை. ஒருவன் பிரெஞ்சு ராஜாவின் குடி ஆனான். அவன் மச்சான் ஸ்பெயின் ராஜாவின் குடியாகவே இருந்தான். மறுநாள் காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது அவன் தன்னைப் பிரெஞ்சுக்காரன் என்று நினைத்திருப்பானா? நினைத்திருக்க மாட்டான். அவன் கொள்ளுப்பேரன் நினைத்திருக்கலாம். கோடு போட்டது ஒரு வேலை. கோட்டுக்குள் இருப்பவர்களை ஒரே ஜனமாக ஆக்கியது வேறு வேலை. அதற்கு இன்னும் இருநூறு வருடம் ஆனது. இந்த இரண்டு வேலையும் சேர்ந்து முடிந்த பிறகு கிடைக்கிற பொருளைத்தான் ‘தேசிய அரசு’ என்கிறோம். இரண்டும் வேறு வேறு காலத்தில் நடந்தவை என்பதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

நாடு என்ற சொல் செய்யும் குழப்பம்

தமிழில் இதைப் பேசுவதற்கு முதல் இடைஞ்சல் ‘நாடு’ என்கிற சொல்தான். இந்தியாவும் நாடு, தமிழ்நாடும் நாடு, செட்டிநாடும் நாடு. சோழர் காலக் கல்வெட்டுகளில் நாடு என்றால் சில பல ஊர்கள் சேர்ந்த ஒரு வட்டாரம். அதன் காரியங்களைப் பார்க்க நாட்டார் என்று ஒரு கூட்டம் இருந்தது. ஒரே சொல் இவ்வளவு பாரம் சுமப்பதால், நாம் ஒன்றைச் சொல்ல எதிரே இருப்பவர் வேறொன்றைப் புரிந்துகொள்கிறார்.

ஆகவே இந்தக் கட்டுரைக்கு மட்டும் சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். ‘அரசு’ என்பது ஓர் ஏற்பாடு: எல்லை போட்ட நிலம், வரி வாங்க ஆள், போலீஸ், கோர்ட்டு, ராணுவம், கோப்பு, முத்திரை. ‘அரசாங்கம்’ அந்த ஏற்பாட்டை இப்போதைக்கு ஓட்டுகிறவர்கள். தேர்தலில் அரசாங்கம் மாறும், அரசு மாறாது. ‘தேசம்’ என்பது ஜனம். ஒருவரையொருவர் நேரில் பார்க்காவிட்டாலும் ‘நாமெல்லாம் ஒன்று’ என்று நினைக்கிற கூட்டம். மொழியால் நினைக்கலாம், மதத்தால் நினைக்கலாம், பட்ட கஷ்டத்தால் நினைக்கலாம்.

தேசம் இருந்தும் அரசு இல்லாமல் போகலாம். குர்து மக்கள் துருக்கி, ஈராக், ஈரான், சிரியா என்று நான்கு அரசுகளுக்குள் கிடக்கிறார்கள். ஓர் அரசுக்குள் பல தேசங்கள் இருக்கலாம். பழைய ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசு அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு தேசத்துக்கும் ஓர் அரசு, ஒவ்வொரு அரசுக்குள்ளும் ஒரு தேசம் என்று இரண்டும் கச்சிதமாகப் பொருந்த வேண்டும் என்ற கொள்கைக்குத்தான் தேசிய அரசு என்று பெயர். கொள்கை என்கிறேன்; அப்படிக் கச்சிதமாகப் பொருந்திய இடத்தை உலகப் படத்தில் தேடினால் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கோடு இல்லாத காலம்

1329-ல் பிரான்சின் அமியான் நகரப் பேராலயத்தில் ஒரு சடங்கு நடந்தது. இங்கிலாந்தின் ராஜா மூன்றாம் எட்வர்டு, பதினாறு வயதுப் பையன், பிரெஞ்சு ராஜா ஆறாம் ஃபிலிப்புக்கு விசுவாசப் பிரமாணம் செய்தார். ஒரு ராஜா இன்னொரு ராஜாவுக்கு ஏன் பணிய வேண்டும்? தென்மேற்கு பிரான்சில் அவருக்குச் சில நிலங்கள் இருந்தன. இங்கிலாந்தில் அவர் யாருக்கும் கட்டுப்படாத ராஜா. அந்த நிலங்களைப் பொறுத்தவரை பிரெஞ்சு ராஜாவுக்குக் கீழே இருக்கிற ஒரு பிரபு. இரண்டும் ஒரே ஆள்! இன்றைய கண்ணுக்கு இது பைத்தியக்காரத்தனம். அன்றைக்கு இதுதான் நடைமுறை. (அந்தப் பிரமாணத்தின் அர்த்தம் என்ன, எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்று தகராறு வளர்ந்தது. அப்புறம் வந்த நூறாண்டுப் போருக்கு அதுவும் ஒரு காரணம்.)

சாதாரணக் குடியானவனுக்கும் இதே கதைதான். நிலத்துக்குப் பிரபு, கல்யாணத்துக்கும் உயிலுக்கும் திருச்சபையின் கோர்ட்டு, அதற்கு மேலே போப், இன்னொரு பக்கம் ராஜா, ஜெர்மன் பகுதியாக இருந்தால் தலைக்கு மேலே புனித ரோமப் பேரரசர். இதில் யார் பெரியவர் என்று கேட்டால் ‘எந்த விஷயத்தில்?’ என்று திருப்பிக் கேட்பார்கள்.

ஆசியாவிலும் அதிகாரம் பெட்ரோமாக்ஸ் விளக்கு மாதிரிதான் இருந்தது. தலைநகரில் பளிச்சென்று எரியும், தூரம் போகப் போக மங்கும், எந்த இடத்தில் இருட்டு ஆரம்பிக்கிறது என்று யாரும் கோடு கிழிக்க முடியாது. நடுவில் இருப்பவன் மேல் இரண்டு விளக்கு வெளிச்சமும் விழும். இன்றைய ஒகினாவாவில் இருந்த ரியூக்யூ ராஜ்ஜியம் சீனப் பேரரசருக்கும் கப்பம் கட்டியது, ஜப்பானின் சாட்சுமா பிரபுவுக்கும் கப்பம் கட்டியது. இருநூறு வருடத்துக்கு மேல் இப்படி ஓட்டி, 1879-ல் ஜப்பான் அதை முழுசாகச் சேர்த்துக்கொண்டபோது அந்தப் பிழைப்பு முடிந்தது. ‘நீ யாருடைய ஆள்?’ என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் இருக்க வேண்டும் என்பது புது வழக்கம்.

பாடப்புத்தகத்து 1648

அரசியல் அறிவியல் பாடத்தில் எல்லாரும் படிக்கிற வருடம் 1648. வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கை. அதில்தான் இன்றைய அரசுகளின் உலகம் பிறந்தது என்று போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். பாதி சரி.

ஜெர்மன் துறவி மார்ட்டின் லூதர் போப்பின் திருச்சபைக்கு எதிராக 1517-ல் கிளப்பிய கலகத்துக்குப் பிறகு ஜெர்மன் பகுதி கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட்டுகள் என்று பிளந்தது. அங்கே அப்போது சின்னதும் பெரியதுமாக முந்நூறு ஆட்சிப் பகுதிகள் இருந்தன. 1555-ல் ஆக்ஸ்பர்க்கில் ஒரு சமரசம்: எந்த இடத்துக்கு எவன் ராஜாவோ அவன் மதமே அந்த இடத்தின் மதம். பிடிக்காத குடிகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு போகலாம். இது அறுபது வருடம் தாக்குப்பிடித்தது. 1618-ல் பிராகில் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் புனித ரோமப் பேரரசரின் அதிகாரிகள் இரண்டு பேரையும் அவர்களுடைய எழுத்தரையும் கோட்டை ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே போட்டார்கள். மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அங்கே மூண்ட போரில் அடுத்த முப்பது வருடத்தில் லட்சக்கணக்கானவர்கள் பிழைக்கவில்லை. வாளால் செத்தவர்களைவிடப் பசியாலும் கொள்ளைநோயாலும் செத்தவர்கள் அதிகம்.

சமாதானப் பேச்சு வெஸ்ட்ஃபாலியா வட்டாரத்தின் முன்ஸ்டர், ஓஸ்னாப்ரூக் என்ற இரண்டு ஊர்களில் நடந்தது. நடுவே ஐம்பது கிலோமீட்டர். போப்பின் தூதர் புராட்டஸ்டன்ட்டுகளோடு ஒரே மேசையில் உட்கார மாட்டேன் என்றதால் கத்தோலிக்க பிரான்ஸ் ஓர் ஊரிலும், புராட்டஸ்டன்ட் சுவீடன் இன்னோர் ஊரிலும் இருந்து பேரரசரின் ஆட்களோடு பேசின. குதிரை மேல் கடிதங்கள் போய்வந்தபடி வருடங்கள் ஓடின. கடைசியில் 1648 அக்டோபர் 24 அன்று இரண்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. எந்தக் கோவில் சொத்து யாருக்கு என்ற தகராறுக்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டுபிடித்தார்கள்: 1624 ஜனவரி 1 அன்று யார் கையில் இருந்ததோ அவருக்கே. இதெல்லாம் செல்லாது என்று போப் பத்தாம் இன்னசென்ட் அறிவித்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் கணக்கில் வெஸ்ட்ஃபாலியாவின் பெரிய செய்தி ஒப்பந்தத்துக்குள் இருப்பதைவிட இந்த மௌனத்தில்தான் இருக்கிறது. ரோமில் இருந்து ஒரு குரல் வந்தால் ஐரோப்பா நடுங்கிய காலம் போய்விட்டது.

ஆனால் ஒப்பந்தத்தைப் படித்தால், அரசுகள் எல்லாம் சமம், யாரும் யார் வீட்டுக்குள்ளும் தலையிடக்கூடாது என்றெல்லாம் அதில் எழுதவில்லை. புனித ரோமப் பேரரசும் சாகவில்லை. 1806-ல் நெப்போலியன் காலம் வரை அது உயிரோடு இருந்தது. பின்னால் வந்த சட்ட அறிஞர்கள் திரும்பிப் பார்த்து, ‘நம் ஏற்பாடு இங்கேதான் ஆரம்பித்தது’ என்று 1648-க்கு மாலை போட்டார்கள். குலத்துக்கு ஒரு மூலபுருஷர் வேண்டியிருக்கிறதே.

கருத்து அதற்கு முன்பே வந்துவிட்டது. பிரெஞ்சு வழக்கறிஞர் ழான் போதான் 1576-ல் எழுதியதில்தான் ‘இறையாண்மை’ தெளிவாக வருகிறது. அதற்கு நாலு வருடம் முன்னால் பாரிஸ் தெருக்களில் புராட்டஸ்டன்ட்டுகளை வெட்டிச் சாய்த்ததைக் கண்ட தலைமுறை அது. மதத்தின் பெயரால் அடித்துக்கொள்கிறவர்களுக்கு மேலே, கடைசி வார்த்தை சொல்ல ஓர் இடம் வேண்டும். அந்த இடம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், பங்கு போட முடியாததாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். இறையாண்மை என்றால் அதுதான்: இந்த எல்லைக்குள் கடைசி வார்த்தை யாருடையது என்ற கேள்விக்கு ஒரே பதில்.

பங்கு போட முடியாது என்றதும் எனக்குச் சிரிப்பு வருகிற ஒரு விஷயம்: லிவியாவைத் தனித்து விட்ட அந்த 1659 ஒப்பந்தம் கையெழுத்தான இடம், இரு நாட்டுக்கும் நடுவே ஓடும் பிதசோவா ஆற்றில் இருக்கும் இருநூறு மீட்டர் நீளத் தீவு. ஃபெசன்ட் தீவு என்பார்கள். இன்றைக்கும் அது வருடத்தில் ஆறு மாதம் ஸ்பெயினுக்கு, ஆறு மாதம் பிரான்சுக்கு. இறையாண்மை அங்கே ஷிப்ட் முறையில் வேலை பார்க்கிறது.

கருத்து மட்டும் அரசைக் கட்டிவிடாது. பீரங்கி வந்த பிறகு சின்னப் பிரபுவின் கோட்டைச் சுவர் நிற்கவில்லை. நிரந்தரப் படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் வேண்டும், பணத்துக்கு வரி, வரிக்குக் கணக்குப்பிள்ளை, கணக்குக்கு நில அளவை. சர்வேயர் சங்கிலியோடு வந்த பிறகுதான் ராஜ்ஜியத்துக்கு ஓரம் என்று ஒன்று துல்லியமாகத் தெரிய ஆரம்பித்தது.

ராஜாவின் குடி, தேசத்தின் பிள்ளை

இதுவரை சொன்னது அரசு. தேசத்தின் கதை பிரெஞ்சுப் புரட்சியில் சூடு பிடிக்கிறது. 1789-ல் வந்த மனித உரிமைப் பிரகடனத்தின் மூன்றாவது பிரிவு, இறையாண்மையின் ஊற்று தேசத்திடம் இருக்கிறது என்றது. ராஜாவிடம் இருந்த கடைசி வார்த்தை ஜனத்திடம் வந்துவிட்டது. 1791 அரசியல் சட்டத்தில் பதினாறாம் லூயியின் பட்டமே மாறியது: ‘பிரான்சின் ராஜா’ என்று இருந்தவர் ‘பிரெஞ்சுக்காரர்களின் ராஜா’ ஆனார். நிலத்துக்கு உடைமைக்காரராக இருந்தவர் ஜனத்துக்கு வேலைக்காரர். 1793-ல் கட்டாய ஆள்சேர்ப்பு. கூலிக்குச் சண்டை போட்ட படைகளுக்கு எதிரே ‘என் தேசம்’ என்று சொல்லி வந்த லட்சக்கணக்கான ஆட்கள்.

சரி, அந்த ஜனம் எங்கே? 1794-ல் பாதிரியாரும் புரட்சிக்காரருமான கிரெகுவார் ஓர் அறிக்கை கொடுத்தார். இரண்டே முக்கால் கோடிக்கு மேல் மக்கள் இருந்த பிரான்சில் பிரெஞ்சைச் சுத்தமாகப் பேசுகிறவர்கள் 30 லட்சத்துக்கு மேல் இல்லை; 60 லட்சம் பேருக்கு அது அறவே தெரியாது. பிரெத்தோன், பாஸ்க், ஒக்சிதான், அல்சேஸ் ஜெர்மன், கட்டலான் என்று ஆளுக்கொரு பேச்சு. தேசத்தின் பெயரால் அரசு நடக்கிறது, தேசத்துக்கோ தேசத்தின் மொழி தெரியாது. மற்ற பேச்சுகளை அழித்து பிரெஞ்சைப் பொதுவாக்க வேண்டும் என்பதே அந்த அறிக்கையின் நோக்கம். அந்த வேலையைத் துப்பாக்கியைவிடப் பள்ளிக்கூடம் திறமையாகச் செய்தது. 1881–82-ல் இலவசக் கட்டாயக் கல்வி வந்தது. பிரெத்தோன் பேசி மாட்டிக்கொண்ட பையன் கழுத்தில் ஒரு கட்டையைத் தொங்கவிடுவார்கள்; அடுத்து எவன் பேசி மாட்டுகிறானோ அவனுக்கு அது கைமாறும். செர்தான்யாவுக்குப் பக்கத்தில் ஒரு மலைக் கிராமப் பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்த வாசகம் பிரபலம்: ‘பிரெஞ்சு பேசுங்கள், சுத்தமாக இருங்கள்.’ கட்டலான் அழுக்கு என்று சொல்ல வேறு எழுத வேண்டியதில்லை.

ஆனால் எல்லாமே மேலிருந்து கீழே திணித்தது என்று நினைத்தால் தப்பு. செர்தான்யாவின் கதை அங்கேதான் சுவாரசியமாகிறது. பக்கத்து ஊரோடு வாய்க்கால் தகராறு, மேய்ச்சல் தகராறு என்பது அந்தப் பள்ளத்தாக்கில் ஸ்பெயின், பிரான்ஸ் என்ற பேச்சுக்கெல்லாம் முந்தியது. கோடு விழுந்த பிறகு ஊர்க்காரர்களுக்கு ஒரு யோசனை வந்தது. ‘தண்ணீரை அடைத்துவிட்டார்கள்’ என்று மனுப் போட்டால் மேலே யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ‘ஸ்பெயின்காரன் பிரெஞ்சுக்காரனின் தண்ணீரை அடைத்துவிட்டான்’ என்று போட்டால் பாரிஸ் வரை மனு போகும். கலெக்டர் ஆபீஸில் மனு எழுதிக் கொடுக்கிறவர்களுக்குத் தெரிந்த சூட்சுமம். தலைமுறை தலைமுறையாக அப்படி எழுதி எழுதி, மனுவில் எழுதியது மனசிலும் ஏறிவிட்டது. 1660-ல் பத்திரத்தில் விழுந்த கோட்டுக்கு, பயோன் நகரத்து ஒப்பந்தங்களின்படி கல் நட்டு முடித்தது 1868-ல். அட்லாண்டிக் கரையில் இருந்து மத்தியதரைக் கடல் வரை எண் போட்ட 602 கற்கள். கல் நடும்போது இரண்டு பக்கமும் நின்று பார்த்தவர்கள் மச்சான்களாக இல்லை, வெளிநாட்டார்களாக இருந்தார்கள்.

அதே காலத்தில்தான் இத்தாலி 1861-லும் ஜெர்மனி 1871-லும் ஒன்றாகின. இவை பிரான்சுக்குத் தலைகீழ்: அங்கே அரசு முதலில் வந்து தேசத்தைச் செய்தது; இங்கே ‘நாம் ஒரு தேசம், நமக்கு ஓர் அரசு வேண்டும்’ என்ற பேச்சு முதலில் வந்தது. அப்படி வந்த இத்தாலியிலும் இத்தாலிய மொழியை வீட்டில் பேசியவர்கள் நூற்றுக்குச் சிலர்தான்.

பொருந்தாதவர்களை என்ன செய்வது?

அரசும் தேசமும் பொருந்தியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் இரண்டில் ஒன்றை வெட்ட வேண்டும். கோட்டை மாற்ற வேண்டும், அல்லது ஆட்களை மாற்ற வேண்டும். 1923 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் லோசானில் கிரீசும் துருக்கியும் ஆட்களை மாற்ற ஒப்புக்கொண்டன. துருக்கியில் இருந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரீசுக்கு, கிரீசில் இருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கு. சுமார் 12 லட்சம் பேர் ஒரு பக்கம், நாலு லட்சத்தை ஒட்டி இன்னொரு பக்கம். முதல் பகுதியினரில் பெரும்பாலோர் முந்தின வருடப் போரிலேயே ஓடிவந்துவிட்டவர்கள். திரும்பிப் போக முடியாது என்று ஒப்பந்தம் முத்திரை குத்தியது.

யார் கிரேக்கர், யார் துருக்கியர் என்று எப்படி முடிவு செய்தார்கள்? மதத்தை வைத்து மட்டும். அனடோலியாவின் நடுப்பகுதியில் கரமான்லி என்று ஒரு கூட்டம்: கிறிஸ்தவர்கள், ஆனால் வீட்டில் பேசுவது துருக்கி மொழி, அதையே கிரேக்க எழுத்தில் எழுதிப் படிப்பார்கள். அவர்களை ‘நீ கிரேக்கன்’ என்று கப்பல் ஏற்றினார்கள். கிரீட் தீவில் கிரேக்கம் தவிர வேறொன்றும் தெரியாத முஸ்லிம்களை ‘நீ துருக்கியன்’ என்று அந்தப் பக்கம் அனுப்பினார்கள். போன இடத்தில் என்ன பெயர் கிடைத்தது தெரியுமா? கிரீசில் இறங்கியவர்களுக்குத் ‘துருக்கி விதை’. துருக்கியில் இறங்கியவர்களுக்கு ‘அரை காஃபிர்’.

இதைப் படிக்கும்போது நம்மவர்களுக்கு இன்னொரு கூட்டம் நினைவுக்கு வராமல் இருக்காது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் தமிழகத்தில் இருந்து கூலிகளாகப் போனவர்கள் அப்போது ஒரே பேரரசின் ஒரு மூலையில் இருந்து இன்னொரு மூலைக்குத்தான் போனார்கள். 1948-ல் இலங்கை தனி அரசானதும், அதே வருடம் குடியுரிமைச் சட்டம் கேட்டது: உன் அப்பா இங்கே பிறந்தாரா? இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா? அத்தாட்சி எங்கே? லயம் என்கிற தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் யார் எழுதி வைத்தார்கள்? ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் எந்த அரசுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். 1964-ல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். பத்து வருடம் கழித்து அதையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். இலங்கையில் ‘இந்தியத் தமிழர்’ என்று இருந்தவர்கள் நீலகிரியில் வந்து இறங்கியதும் ‘சிலோன்காரர்’ ஆனார்கள். கிரீட் தீவுக்காரர்களுக்கு விஷயம் உடனே புரிந்திருக்கும்.

பாஸ்போர்ட்டும் இந்தக் காலத்துப் பிள்ளைதான். 1914-க்கு முன்பு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது இல்லாமலே ரயில் ஏறிப் போகலாம். முதல் உலகப் போருக்காகக் கொண்டுவந்த தற்காலிகக் கட்டுப்பாடு 1920-ல் பாரிஸ் மாநாட்டில் ஒரே மாதிரியான சிறு புத்தகமாகி நிலைத்துவிட்டது. தற்காலிகம் என்று அரசு சொன்னால் நம்பக்கூடாது.

உலகம் முழுக்க ஒரே அச்சு

இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. தேசிய அரசுக்கு உதாரணமாகச் சொல்கிற பிரிட்டனும் பிரான்சும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பேரரசுகள். வீட்டில் தேசம், வெளியே காலனி. காலனி மக்கள் அதே கொள்கையைத் திருப்பிப் பிடித்தார்கள்: உனக்குத் தேசம் என்றால் எனக்கும் தேசம். 1945-ல் ஐ.நா. சபை தொடங்கியபோது உறுப்பினர்கள் 51. 1960-ல் மட்டும் 17 பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், ஒரு நாடு தவிர எல்லாம் ஆப்பிரிக்கா. 2011-ல் சேர்ந்த தெற்கு சூடானோடு எண்ணிக்கை 193.

விடுதலை வந்தது, கோடு மட்டும் வெள்ளைக்காரன் போட்டதாகவே இருந்தது. அதைத் திருத்தப் போனால் கண்டம் முழுக்க ரத்தம் ஓடும் என்று பயந்த ஆப்பிரிக்கத் தலைவர்கள் 1964-ல் கெய்ரோவில் கூடி, இருக்கிற எல்லை இருக்கிறபடியே இருக்கட்டும் என்றார்கள். கெட்டிக்காரத்தனமா கோழைத்தனமா என்று இன்னும் பட்டிமன்றம் நடக்கிறது. என்னைக் கேட்டால், வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

பழைய ஏற்பாட்டின் மீது புதுக் கோடு விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு லிவியாவைவிடப் பெரிய உதாரணம் நம் பக்கத்திலேயே இருந்தது. கூச் பிகார் ராஜாவுக்கும் முகலாயர்களுக்கும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த சண்டை சமாதானங்களில் சிதறிய துண்டு நிலங்கள், 1947-க்குப் பிறகு ஒரு நாட்டுக்குள் இன்னொரு நாட்டின் திட்டுகளாக நின்றன. ஓர் இடத்தில் வங்கதேசத்துக்குள் இந்தியா, அதற்குள் வங்கதேசம், அதற்குள் மறுபடி இந்தியா. தஹாலா காக்ராபாரி என்ற அந்தக் கடைசித் துண்டு ஒரு வயல் அளவுதான். ராஜாக்கள் காலத்தில் இது யாருக்கும் தொந்தரவில்லை. போலீசும் பள்ளிக்கூடமும் ரேஷன் கார்டும் கோட்டைப் பார்த்துத்தான் வரும் என்று ஆனபோது அங்கிருந்தவர்கள் எந்தப் பக்கமும் இல்லாதவர்கள் ஆனார்கள். 2015-ல்தான் 162 திட்டுகளை இரு நாடுகளும் மாற்றிக்கொண்டன.

புதுச்சேரியில் இருந்து விழுப்புரத்துக்குப் பஸ்ஸில் போனால் இதன் சாந்தமான வடிவத்தைப் பார்க்கலாம். வில்லியனூர் புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, திருபுவனை மறுபடி புதுச்சேரி, வளவனூர் தமிழ்நாடு. தூங்கி விழித்தாலும் சாராயக் கடை பலகையைப் பார்த்து எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். 1954 வரை இது பிரான்சுக்கும் இந்தியாவுக்கும் நடுவே இருந்த சர்வதேச எல்லை. அந்த அக்டோபர் 18-ல் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியா என்றார்கள். 1962-ல் சட்டப்படி கைமாறியபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றொரு வாய்ப்பு. ஒரே வீட்டில் அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை. அந்த அண்ணன் வழிப் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தலுக்குப் புதுச்சேரியிலேயே ஓட்டுப் போடுகிறார்கள்.

யார் சேர்த்தி, யார் இல்லை

ஓர் இடம் அரசுதானா என்று சொல்ல 1933-ல் மான்டிவிடியோ உடன்படிக்கை நாலு அடையாளம் சொன்னது: நிலையான மக்கள், வரையறுத்த நிலம், ஓர் அரசாங்கம், மற்ற அரசுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன். கேட்க எளிதாக இருக்கிறது. சோமாலிலாந்து 1991-ல் தனியாகப் பிரிந்து, சொந்த நாணயம், சொந்தத் தேர்தல் என்று நடத்திக்கொண்டிருக்கிறது, ஐ.நா.வில் நாற்காலி இல்லை. பாலஸ்தீனத்தை நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் அங்கீகரித்திருக்கின்றன. ஐ.நா.வில் 2012-ல் அதற்குக் கிடைத்தது உறுப்பினர் அல்லாத ‘பார்வையாளர் அரசு’ என்ற தகுதிதான். நாலு அடையாளத்துக்கு மேல் எழுதாத ஐந்தாவது ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் ‘வா’ என்று சொல்ல வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, எகிப்துக்கும் சூடானுக்கும் நடுவே பீர் தவீல் என்று இரண்டாயிரம் சதுர கிலோமீட்டர் பாலைவனம். 1899-ல் ஒரு கோடு, 1902-ல் இன்னொரு கோடு போட்டார்கள். ஒரு கோட்டின்படி கடலோரம் இருக்கும் ஹலாயிப் பகுதி எகிப்துக்கு, பீர் தவீல் சூடானுக்கு, மற்றதன்படி தலைகீழ். இரண்டு பேருக்கும் வேண்டியது ஹலாயிப். பீர் தவீலை உரிமை கொண்டாடினால் மற்றக் கோட்டை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே இரண்டு அரசும் ‘எனக்கு வேண்டாம்’ என்கின்றன.

செர்தான்யாவுக்கே திரும்புவோம். ஐரோப்பிய ஒன்றியம் வந்து, எல்லைச் சோதனைச் சாவடிகளை எடுத்துவிட்டதால், இப்போது லிவியாவுக்குள் போகிறவர் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதைப் பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2014-ல் புய்க்செர்தாவில் இரண்டு பக்கமும் சேர்ந்து ஓர் ஆஸ்பத்திரி திறந்தன. கோட்டுக்கு இந்தப் பக்கத்துக் கர்ப்பிணியும் அந்தப் பக்கத்துக் கிழவரும் ஒரே வார்டில் படுக்கலாம், டாக்டர்களும் இரண்டு பக்கத்தில் இருந்தும் வருவார்கள். நோய்க்கு வைத்தியம் பார்ப்பதில் பெரிய சிக்கல் வரவில்லை. பிரெஞ்சுத் தாய்க்கு அங்கே பிறக்கும் குழந்தையை எந்த நாட்டுப் பதிவேட்டில் எழுதுவது, அங்கே இறந்துபோன பிரெஞ்சுக் கிழவரின் உடலை நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அவர் கிராமத்துக்கு எந்தக் காகிதத்தோடு கொண்டுபோவது என்பதற்குத்தான் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.